“அவன் நல்லவன்தான், கோபம்தான் கொஞ்சம்”

வீட்டில் பிள்ளைகளின் கொடுமைக்கு ஆளாகும் முதியவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். பல நேரம், நான் கேட்கும் கேள்வி அம்மாவிடம், பதில் மகனிடமிருந்து. அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தால், வாயைத் திறக்குமுன் மகன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பார்வையைக் கண்டதும், “இங்கே எல்லாரையும் கொஞ்ச நேரம் தனியாப் பார்ப்போம், வெளியே இருங்க” என்று மகனை அனுப்பிவிடுவேன். ‘எல்லாரையும்’ என்பதை விடாமல் சொல்ல வேண்டும். இல்லையென்றால், வீட்டுக்குப் போனதும் “என்னைப் பத்தி என்ன சொன்னே?” என்ற விசாரணை தொடங்கிவிடும்.

தனியே பேசும்போது ‘கொடுமை’, ‘வன்முறை’ போன்ற சொற்களை நானாக எடுப்பதில்லை. பிள்ளையைக் குற்றவாளியாக்கும் சொல் காதில் விழுந்தால் பெற்றவர் வாய் மூடிக்கொள்ளும். நடப்பைத்தான் கேட்பேன். வீட்டில் யாருக்காவது பயந்து பேசாமல் இருக்கிறீர்களா? மருந்து கேட்டால் கிடைக்கிறதா? கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தினார்களா? அடிப்பது மட்டுமா கொடுமை? ஓய்வூதியத்தைப் பிடுங்கிக்கொள்வதும், காது கருவிக்கு பேட்டரி மாற்றாமல் விடுவதும், நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாததும் கொடுமைதான். 60 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் இப்படி ஏதோ ஒன்றுக்கு ஆளாகிறார் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

தொழிலுக்கு வந்த புதிதில், மணிக்கட்டில் கன்றிப்போன தடத்தோடு ஒரு அம்மா வந்தார். “அவன் நல்லவன்தான், கோபம்தான் கொஞ்சம்” என்றார். நான் பதறிப்போய் உடனே புகார், காப்பகம் என்று பேச ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் அவர் வரவே இல்லை. அவருக்கு மகன் வேண்டும், அடி வேண்டாம். அவ்வளவுதான் அவர் கேட்டது. அது எனக்கு அன்று புரியவில்லை.

இப்போது, “எது ஒண்ணு மாறினா இன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்குவீங்க?” என்று கேட்கிறேன். ஒரு பெரியவர் நெடுநேரம் யோசித்து, “என் அறைக்கு உள்ளேயிருந்து ஒரு பூட்டு” என்றார். சரி, அதிலிருந்தே பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினோம். அவர் விழுந்துவிட்டால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு, அதன் சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில், அவசரத்துக்கு மனப்பாடமாக ஒரு தொலைபேசி எண்.

‘என் வளர்ப்புதான் சரியில்லை’ என்ற எண்ணத்தைக் கரைக்க இன்னும் நாளாகும். அதை அவசரப்பட்டு மறுத்துப் பேசக் கூடாது. அந்த எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, யார் சொல்லிச் சொல்லி ஊறியது என்று கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மகனுக்குக் குடிப்பழக்கமோ பராமரிக்கும் களைப்போ இருந்தால், அவருக்கு வேறொரு ஆலோசகர். பயம் இருக்கும் வீட்டில் இருவரையும் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்து.

உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். மற்றபடி, புரிந்து முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்வரை முடிவு அவர்களுடையது, எனக்குப் பிடிக்காவிட்டாலும். ஞாபக மறதி இருப்பதாலேயே ஒருவர் சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது.

பூட்டு கேட்ட பெரியவர் மூன்றாவது முறை தனியாகவே வந்தார். உட்கார்ந்ததும், “பூட்டு போட்டாச்சு. இன்னிக்கு பேங்க் புத்தகத்தைப் பத்திப் பேசலாமா?” என்றார்.