சொல் விளக்கம்: ஊற்றுப்பேனா

பவுண்டன் பேனா என்பதில் முன்பாதி ஆங்கிலம், பின்பாதி போர்ச்சுக்கீசியம். சாவி, அலமாரி, ஜன்னல் வந்த வழியில்தான் பேனாவும் தமிழுக்கு வந்தது. போர்ச்சுக்கீசியத்தில் 'பெனா' என்றால் பறவையின் இறகு. இறகின் தண்டைச் சீவி, மையில் தோய்த்து எழுதிய காலத்துப் பெயர் அது. இறகு போய் உலோக முள் வந்த பிறகும் பெயர் மாறவில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் பேனாவைத் 'தூவல்' என்றார்கள். அருமையான தேர்வு. தூவி, தூவல் இரண்டுமே இறகைக் குறிப்பவை. 1120ஆம் குறளில் அனிச்சத்தோடு வரும் 'அன்னத்தின் தூவி' இதுதான். தூவலுக்கு நீர்த்துளி என்ற பொருளும் உண்டு என்பதால் மைக்கும் அது பொருந்துகிறது. எழுதுகோல் பொதுச்சொல், பென்சிலையும் குறிக்கும். எழுத்தாணியோ ஓலையைக் கீறுவது. கரி பூசுவது அதற்குப் பிறகுதான்.

பவுண்டன் பேனாவுக்கு நான் பரிந்துரைப்பது ஊற்றுப்பேனா. தூய தமிழ் வேண்டுவோர் ஊற்றுத்தூவல் எனலாம். பள்ளிக்கூடத்து மைப்பேனாவும் நல்ல சொல்லே. ஆனால் இந்தப் பேனாவின் உயிர் 'ஊற்று' என்பதில் இருக்கிறது. மையை ஊற்றி நிரப்புவதால் வந்த பெயரன்று. ஆற்று மணலைத் தோண்டினால் சுரக்கிறதே, அந்த ஊற்று.

தொட்டு எழுதும் பேனாவைச் சில சொற்களுக்கு ஒருமுறை மைக்கூட்டில் தோய்த்தாக வேண்டும். ஊற்றுப்பேனாவில் மை தானாக இறங்கும். முள்ளின் நடுவே மயிரிழை அளவுக்கு ஒரு பிளவு. முள்ளுக்கு அடியிலுள்ள கறுப்புக் கட்டையில் நுண்ணிய வாய்க்கால்கள். மை கீழே இறங்க இறங்க, அதே அளவு காற்று மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் எழுத்து நின்றுவிடும். மிகுதியாக ஏறினால் மை சொட்டும். இந்தச் சமநிலையை ஓரளவு கைவசப்படுத்தி, 1884இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்றார் லூயிஸ் வாட்டர்மேன்.

பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது பசை போன்ற மை. முனையிலுள்ள உருண்டை உருள வேண்டுமானால் தாளில் அழுத்த வேண்டும். ஊற்றுப்பேனாவுக்கு முள் தாளைத் தொட்டால் போதும். பக்கம் பக்கமாக எழுதினாலும் விரல் இறுகாது; அழுத்தம் சற்றே கூடும் இடத்தில் கோடு தடிக்கும், எழுத்துக்கு எழுதியவரின் சாயல் வரும். விலை மலிந்த பேனாக்கள் குவிந்த பிறகும் இதைத் தேடி வருகிறவர்கள் இருப்பது இதனால்தான். ராஜமுந்திரியிலும் திருவள்ளூரிலும் இன்றும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பரைக் கடைந்து கையால் பேனா செய்கிறார்கள்.

அவற்றுள் பல, உடல் முழுவதுமே மைக்கூடாக இருப்பவை. மை குறைந்த பேனாவைப் பிடித்து எழுதினால், கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். கழுத்தருகே விரலில் கறை படிந்தால் பேனாவைப் பழிக்க வேண்டாம். மை நிரப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.