கையெழுத்தை மட்டும் எடுத்து வைக்காதீர்கள்

சென்ற வாரமும் ஒரு குடும்பம் வந்தது. நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்க மாநிலம் ஒன்றின் ரயில்வே ஆணையத்தில் இருந்தவரின் வாரிசுகள். கையில் ஒரே ஒரு கோப்பு: செனட்டர்களும் கவர்னர்களும் கையெழுத்திட்ட கடிதங்கள், ஒவ்வொன்றும் லேமினேஷன் செய்யப்பட்டு. மற்றவை? "ஊர்க்காரர்கள் எழுதியவைதானே, குப்பையில் போட்டுவிட்டோம்." ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துவிட்டது.

பெரிய மனிதர் எழுதியது பெரும்பாலும் இரண்டு வரி நன்றிக் கடிதம். அதன் நகல் அவருடைய கோப்பிலும் இருக்கும். சரக்குக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று ஒரு தானிய வியாபாரி எழுதிய கடிதம் வேறெங்கும் கிடைக்காது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் எஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். 1899 முதல் 1921 வரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர். தொழிலாளர்களின் தாடை எலும்பை அழுகவைத்த வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைக் கடும் வரி போட்டு ஒழித்த 1912 சட்டம் அவர் கொண்டுவந்தது. பிறகு, ரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கிடையிலான வணிக ஆணையத்தில் உறுப்பினரானார். ஏரித் துறைமுகங்களுக்குச் செல்லும் நிலக்கரியின் ரயில் கட்டண வழக்கில் தம் வாக்கை வடபகுதிச் சுரங்கங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டார். தென்பகுதி செனட்டர்கள் கொதித்தார்கள். 1928இல் அவருடைய மறுநியமனத்தை செனட் நிராகரித்தது. ஆணையத்தின் தீர்ப்பை அரசுப் பதிவேட்டில் படிக்கலாம். யார் நெருக்கினார்கள், யார் கெஞ்சினார்கள் என்று தேடுகிறவர் சொந்தக் காகிதங்களுக்குத்தான் வரவேண்டும். அவருடையவை விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அக்கால நகல் புத்தகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெங்காயச் சருகு போன்ற தாளை ஈரமாக்கி, கடிதத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். மை தாளின் பின்புறம் தலைகீழாகப் பதியும். முன்புறமிருந்து ஊடுருவிப் படிக்கவேண்டும். மங்கிய ஊதாக் கறை என்று எண்ணி இவற்றைத்தான் முதலில் எறிகிறார்கள். உங்கள் முன்னோர் அனுப்பிய கடிதங்களுக்கு வீட்டில் மிஞ்சும் ஒரே சாட்சி அதுதான்!

செல்லோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்; அதைப் பிரித்தெடுப்பது எங்களுக்கே பெரும்பாடு. உறைகளை எறியாதீர்கள், தேதியில்லாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி. முன்னோர் கட்டிவைத்த வரிசையைக் கலைத்து அகரவரிசையில் அடுக்காதீர்கள். ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலத்தைக் கைவிடாதீர்கள். பரணிலும் நிலவறையிலும் வைக்காமல், வெயிலும் ஈரமும் படாத அறையில் வையுங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அருகிலுள்ள காப்பகத்தை அழையுங்கள். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று உங்களோடு உட்கார்ந்து பார்க்க நாங்கள் வருகிறோம்.