கத்தி வைப்பதற்கு அரை மணி முன்பு

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில், கிண்ணத்தில் ஊற்றிய மருந்தைப் பனித்துளியாக்கி மாஸ்க் வழியாகச் சுவாசிக்கத் தரும் நெபுலைசர் என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கருவாட்டுத் தூசியும் கரிமூட்டப் புகையும் பழகிப்போன பகுதி இது. வாடைக்காற்று தொடங்கியதும் இழுப்பு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அந்தச் சின்ன மாஸ்க்கை மூக்கோடும் வாயோடும் சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தாய்மார் இங்கே ஏராளம். அதே கருவியை, குடலிறக்க ஆபரேஷனுக்காகப் படுக்க வைத்திருக்கும் பிள்ளையின் முகத்தில் வைத்தால், “என் புள்ளைக்கு இழுப்பு ஒண்ணும் இல்லையே டாக்டர், எதுக்கு இது?” என்றுதான் யாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

கருவி அதேதான், கிண்ணத்தில் இருக்கும் மருந்து வேறு. பெயர் டெக்ஸ்மெடிடோமிடின். 1999இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தபோது இது ஊசி மருந்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவர்களை அமைதிப்படுத்துவதற்காக வந்தது. இதன் நெருங்கிய உறவான மெடிடோமிடினை நாய், பூனைகளை மயக்கிப் படுக்க வைக்கக் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். மனிதர்களுக்கு டெக்ஸ்மெடிடோமிடினை நெபுலைசரில் ஆவியாகக் கொடுப்பது மருந்தின் அட்டையில் அச்சிட்ட பயன் அல்ல. மயக்க மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில், ஆய்வுகளை நம்பிச் செய்வது. இந்திய மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் இதுபற்றி ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன.

ஆபரேஷனுக்குச் சற்று முன்பு இதைக் கொடுத்தால் பிள்ளை அமைதியாகும், மயக்க வாயுவும் குறைவாகப் போதும். இது ஏன் உதவுகிறது என்பது புரிய, முதலில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டும். மயக்க இயந்திரத்தின் மேல் மஞ்சள் அடையாளத்தோடு ஒரு கனத்த பெட்டி இருக்கும். அதற்குள் செவோஃப்ளூரேன் என்ற திரவம். ஆக்சிஜன் அதைத் தொட்டுக்கொண்டு போகும்போது கொஞ்சம் ஆவியையும் அள்ளிக்கொண்டு போகும். எவ்வளவு அள்ள வேண்டும் என்பதை மேலே உள்ள திருகு தீர்மானிக்கிறது. மயக்க மருத்துவரின் கை ஆபரேஷன் முழுக்க அந்தத் திருகின் பக்கத்திலேயே இருக்கும்.

ஆவி என்றதும் நம் ஊர் வெயில் நினைவுக்கு வருகிறது. 1846இல் பாஸ்டனில் ஈத்தர் என்ற திரவத்தின் ஆவியால் மயக்குவதைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. ஈத்தரின் கொதிநிலை 35 டிகிரிக்குச் சற்றே கீழே. மே மாத மதியத்தில் பரமக்குடியில் புட்டியைத் திறந்தால் அடுப்பில்லாமலே கொதிக்கும். போதாததற்கு எளிதில் தீப்பிடிக்கும். செவோஃப்ளூரேன் கொதிக்க 58 டிகிரிக்கு மேல் வேண்டும், தீயைப் பற்றிய கவலையும் இல்லை. இன்றைய மயக்க மருத்துவர் எத்தனை தொல்லைகளிலிருந்து தப்பியிருக்கிறார் என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

சரி, திருகை எவ்வளவு திறப்பது? 1960களில் அமெரிக்க மயக்க மருத்துவர் எட்மண்ட் ஈகரும் அவருடைய சகாக்களும் இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தார்கள். கத்தி பட்டதும் நூறு பேரில் ஐம்பது பேர் அசையாமல் இருக்க, நுரையீரலின் காற்றறைகளில் எத்தனை சதவீதம் ஆவி வேண்டும் என்பதே அந்த அளவு. சுருக்கமாக ‘மேக்’ என்பார்கள். நாற்பது வயதுக்காரருக்குச் செவோஃப்ளூரேனின் மேக் சுமார் 2 சதவீதம். சிறு பிள்ளைகளுக்கு 2.5. நாற்பதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு அந்த அளவில் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். ஆகவே எழுபது வயது அப்பத்தாவுக்கு 1.7 அளவிலேயே வேலை முடிந்துவிடும். காய்ச்சல் இருந்தால் தேவை கூடும், உடல் குளிர்ந்தால் குறையும். கர்ப்பிணிக்குக் குறையும். பல வருடமாகத் தினமும் குடிப்பவருக்குக் கூடும். “குடிப்பழக்கம் உண்டா?” என்று மயக்க டாக்டர் கேட்பது ஒழுக்கம் பார்க்க அல்ல, திருகை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள. மனைவி பக்கத்தில் நிற்கிறாரே என்று அங்கே பொய் சொல்லிவிடக் கூடாது.

இந்த 2 சதவீதமும் நினைவை மறக்கடிக்க மட்டும் செலவாவதில்லை. ஆளைத் தூங்க வைத்து நினைவை அழிக்க இதைவிடக் குறைந்த அளவே போதும். உடலின் பதற்றத்தை அடக்கத்தான் அதிகம் செலவாகிறது. தொண்டைக்குள் வழி பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியை விட்டு மூச்சுக் குழாயில் டியூப் நுழைக்கும்போது பாருங்கள்: ஆள் ஆழ்ந்த மயக்கத்தில்தான் இருப்பார், ஆனால் மானிட்டரில் நாடித்துடிப்பு 80இலிருந்து 120க்குத் தாவும், ரத்த அழுத்தம் எகிறும். மூளைக்குத் தெரியாமலே உடல், பதற்றத்தில் சுரக்கும் நார்அட்ரினலினைக் கொட்டிச் சண்டைக்கு நிற்கிறது. இதைச் செவோஃப்ளூரேன் வாயுவால் மட்டும் அடக்க நினைத்தால், கத்திக்கு வேண்டியதைவிடவும் கூடுதலாகத் திருக வேண்டும். அந்தக் கூடுதலுக்கு விலை உண்டு. ரத்தநாளங்கள் தளர்ந்து, குழாய் வைத்து முடித்த சில நிமிடங்களில் அழுத்தம் தடாலென்று விழும். விழிப்பும் தள்ளிப்போகும்.

டெக்ஸ்மெடிடோமிடின் கை வைப்பது இந்த நார்அட்ரினலினின் மடியில். மூளைத் தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சிறிய நரம்புக் கூட்டம் உண்டு. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை முழுக்க நார்அட்ரினலினை அனுப்பிக்கொண்டிருப்பது அதுதான். அந்த நரம்புகளின் மேல் ‘ஆல்ஃபா-2’ எனும் ஏற்பிகள் இருக்கின்றன. தேவைக்கு மேல் சுரந்துவிட்டால் “போதும், நிறுத்து” என்று திரும்பிச் சொல்லும் ஏற்பாடு அது. மருந்து இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து, சுரக்காத நார்அட்ரினலின் சுரந்துவிட்டதாக நரம்பை நம்ப வைக்கிறது. நரம்பு அடங்குகிறது, தூக்கம் வருகிறது. மூளை அலைகளைப் பதிவு செய்தால் அது இயல்பான தூக்கத்தை ஒத்திருக்கிறது. தோளைத் தட்டினால் கண் திறந்து பதில் சொல்வார்கள். மூச்சை அடக்கும் குணம் மிகக் குறைவு என்பது மார்ஃபின் வகை மருந்துகளிடம் இல்லாத பெரிய சலுகை. முதுகுத்தண்டிலும் இதே ஏற்பிகள் இருப்பதால் வலிச் செய்தி மேலே ஏறுவதும் கொஞ்சம் தணிகிறது.

அலை ஏறும் நேரம் பார்த்துத் தள்ளினால் வள்ளத்தைக் கரையேற்ற ஆள் குறைவாகப் போதும் என்பது பாம்பன்காரர்களுக்குத் தெரியும். தியேட்டரிலும் உடல் முன்கூட்டியே பாதி அடங்கியிருந்தால், வாயு செய்ய வேண்டிய மிச்ச வேலை குறைவு. 1997இல் வெளியான ஓர் ஆய்வில் இம்மருந்தை ரத்தநாளம் வழியாகச் செலுத்தியபோது, ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க ஆவியின் தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மருந்தின் அளவைக் கூட்டியபோது ஏறத்தாழ பாதியாகவே குறைந்தது. நெபுலைசரில் ஆவியாகக் கொடுக்கும்போது உடலுக்குள் சேருவது இதைவிடக் குறைவு, ஆகவே இவ்வளவு பெரிய சேமிப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் திசை அதேதான்.

பிறகு ஏன் இம்மருந்தை ஆவியாகக் கொடுக்க வேண்டும்? நரம்பில் ஊசியாகவே போடலாமே? பெரியவர்களுக்குப் போடலாம், போடுகிறார்கள். ஆனால் வேகமாகப் போட்டால் ரத்தநாளங்கள் முதலில் சுருங்கி அழுத்தம் ஏறி, பிறகு இறங்கும். நாடியும் சட்டென்று மந்தமாகும். பிள்ளைகளிடமோ ஊசியே முதல் எதிரி. வாய்வழி கொடுத்தாலும் பயனில்லை. விழுங்கியதை ஈரல் வழியிலேயே சிதைத்துவிடுவதால் ரத்தத்துக்கு வந்து சேருவது சுமார் 16 சதவீதம்தான். அதே மருந்து மூக்கின் சவ்வு வழியாகப் போனால் 65 சதவீதம் அளவுக்கும், கன்னத்தின் உட்புறச் சவ்வு வழியாகப் போனால் 80க்கு மேலும் சேருகிறது. நெபுலைசரின் பனித்துளி இந்த எல்லாச் சவ்வுகளிலும் படிகிறது. பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். 5 மைக்ரானுக்குக் கீழ் உள்ளவை நுரையீரல் வரை இறங்கும். மூக்கில் விடும் சொட்டு மருந்தைப் போல் தொண்டையில் வழிந்து வயிற்றுக்குப் போய் வீணாவது குறைவு.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 18 கிலோ எடையுள்ள பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுகளில் வழக்கமாக வரும் அளவு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், ஆக 36. மருந்துக் குப்பியில் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் என்பதால் எடுக்க வேண்டியது 0.36 மில்லி, சில சொட்டுகள்தான். அதை உப்புநீரோடு சேர்த்து 3 மில்லியாக்கிக் கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். பத்து நிமிடம் போல் ஆவி வரும். அரை மணிக்குள் பிள்ளை அம்மாவின் தோளில் தலையைச் சாய்க்கும். தியேட்டர் கதவருகே கைமாற்றும்போது கதறல் இல்லை, மாஸ்க்கை மூடும்போது உதைப்பது இல்லை. செவோஃப்ளூரேன் மயக்கம் தெளியும்போது சில பிள்ளைகள் யாரையும் அடையாளம் தெரியாமல் வெறிபிடித்தாற்போல் அழுவார்கள்; இம்மருந்து அதையும் குறைக்கிறது. என் கணக்கில் வாயு மிச்சமாவதைவிட இதுவே பெரிய லாபம்.

பலவீனமும் இந்த மாஸ்க்கில்தான். பிள்ளை முகத்தைத் திருப்பினாலோ, பாவம் பார்த்து மாஸ்க்கை நாலு விரல் தள்ளிப் பிடித்தாலோ மருந்தில் பெரும்பகுதி அறைக் காற்றுக்குப் போய்விடும். உள்ளே எவ்வளவு போனது என்று காட்டும் மீட்டர் கிடையாது. அதனால்தான் “ஆவி கொடுத்தாயிற்று, வாயுவைப் பாதியாக்கு” என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை. வெளிமூச்சில் வரும் வாயுவின் சதவீதம், நாடி, அழுத்தம், வசதி இருந்தால் மூளை அலைகளை 0 முதல் 100 வரை எண்ணாக்கும் பிஸ் மானிட்டர் ஆகியவற்றைப் பார்த்தே திருகைக் குறைக்கிறார்கள். பிஸ்ஸில் 40க்கும் 60க்கும் இடையில் நிற்பது இலக்கு. அளவுக்கு மீறிக் குறைத்தால், அசைய முடியாமல் படுத்தபடியே ஆள் விழித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

சேமித்த வாயுவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. செவோஃப்ளூரேனில் சுமார் 5 சதவீதத்தைத்தான் உடல் சிதைக்கிறது. மற்றதெல்லாம் மூச்சோடு வெளியேறி, குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே போகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டைஆக்சைடைப் போல் நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதன் உறவான டெஸ்ஃப்ளூரேன் 2,500 மடங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் டெஸ்ஃப்ளூரேன் பயன்பாட்டைத் தவிர்க்க முடியாத தேவைகளுக்கு மட்டும் என்று சுருக்கியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுப்பதற்கு ஆபரேஷன் தியேட்டரைக் குற்றம் சொன்னால் அது மிகைதான். ஆனால் தேவையில்லாமல் திறந்த திருகு என்பது காசாகவும் காற்றாகவும் வீண்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இதயத்தின் மின்பாதையில் அடைப்பு உள்ளவர்கள், ஏற்கெனவே நாடி மந்தமானவர்கள், அழுத்தம் மிகக் குறைந்த நிலையில் அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆகியோருக்குத் தயங்குவார்கள். பிரஷருக்கு அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஏற்கெனவே இறங்கித்தான் இருக்கும். இதுவும் சேர்ந்தால் 50க்குக் கீழே போகலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவருவது நல்லது. “வெள்ளைக் கலர்ல சின்னதா ஒண்ணு” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் விளங்காது.