'திருப்தியா?' என்று கேட்டால் மட்டும் போதாது

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் மனக்குறை இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டுவார். தன்னார்வலருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மனம் ஒட்டவில்லை என்றால் முதலில் ஒரு வாரம் வரமாட்டார், அப்புறம் போனை எடுக்கமாட்டார், அவ்வளவுதான். போவதற்கு முன்பே அவர் மனதை அறிவது எப்படி?

"இங்கே வேலை செய்வது திருப்தியாக இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் பெரும்பாலோர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நல்ல காரியத்துக்கென்று வந்த இடத்தில் குறை சொல்ல நா எழாது. அதனால் ஆய்வாளர்கள் திருப்தியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். 2001-இல் காலிண்டோ-குன், கஸ்லி ஆகிய இருவர் தன்னார்வலர்களுக்கென்றே ஒரு திருப்திக் குறியீட்டை வெளியிட்டார்கள். அதில் நான்கு பகுதிகள்: அமைப்பு தரும் ஆதரவு, தன் உழைப்புக்குப் பலன் இருக்கிறது என்ற உணர்வு, சுயமாக முடிவெடுக்கும் வாய்ப்பு, சக தன்னார்வலர்களோடு ஒட்டுறவு.

ஒவ்வொரு பகுதிக்கும் பல வாக்கியங்கள் இருக்கும். எவ்வளவு தூரம் ஒத்துக்கொள்கிறோம் என்பதை எண்ணால் குறிக்க வேண்டும். உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் முன்வைத்த முறை இது. ஒரே விஷயத்தை ஏன் பலவிதமாகக் கேட்க வேண்டும்? ஒரு வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் மற்றவை அதை ஈடுகட்டும். அந்த வாக்கியங்களுக்கான பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, 1951-இல் உளவியலாளர் லீ கிரான்பாக் விளக்கிய ஆல்ஃபா என்ற கணக்கு உதவுகிறது. பொதுவாக அது 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பகுதி பிரித்துக் கேட்பதன் அருமை விடைத்தாளில் தெரியும். ஒருவர் நான்கு பகுதிகளுக்கும் ஐந்துக்கு முறையே 5, 2, 2, 5 என்று மதிப்பெண் கொடுக்கிறார். இன்னொருவர் 4, 3, 3, 4 கொடுக்கிறார். இருவருக்கும் சராசரி 3.5. ஆனால் முதலாமவருக்கு அமைப்பும் பிடித்திருக்கிறது, நண்பர்களும் பிடித்திருக்கிறார்கள்; செய்கிற வேலையால் யாருக்கும் பயன் இல்லை என்றுதான் நினைக்கிறார். அவருக்கு நன்றி விழா நடத்திப் பிரயோசனமில்லை, வேலையை மாற்றித் தர வேண்டும். சராசரியை மட்டும் அறிக்கையில் போடுவது, என்னைக் கேட்டால், அளக்காமலே இருப்பதற்குச் சமம்.

கேள்வியின் வடிவமும் காலை வாரிவிடும். "ஒருங்கிணைப்பாளர் அன்பாகவும் நேரத்துக்கும் தகவல் சொல்கிறாரா?" என்பது பார்க்க ஒரே கேள்வி. அன்பானவர், ஆனால் எப்போதும் தாமதம் என்றால் எந்த எண்ணைக் குறிப்பது? இதை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். பெயரும் கேட்கக் கூடாது. தாளை அதே ஒருங்கிணைப்பாளரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் உண்மை வராது.

தன்னார்வலர் எதற்காக வந்தார் என்பதும் தெரிய வேண்டும். கிளேரி, ஸ்னைடர் குழுவினர் 1998-இல் வெளியிட்ட 30 வாக்கியக் கேள்வித்தாள் ஆறு நோக்கங்களை அளக்கிறது: கொண்ட கொள்கை, கற்கும் ஆசை, சமூக உறவு, தொழில் வாய்ப்பு, மனச்சுமையிலிருந்து விடுதலை, தன்மதிப்பு. வந்த நோக்கம் நிறைவேறினால்தான் திருப்தி கூடும். கற்க வந்தவரை மாதக்கணக்கில் உறை ஒட்ட வைத்துவிட்டு, எவ்வளவு அன்பாக நடத்தினாலும் மதிப்பெண் ஏறாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சும். கேள்வித்தாள் இன்னும் அமைப்பில் இருப்பவர்கள் கைக்குத்தான் போகிறது. மனம் நொந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு திருப்தி ஏறுவதுபோலத் தெரிந்தால், குறை உள்ளவர்கள் கழன்றுகொண்டதும் காரணமாக இருக்கலாம். அதனால் திருப்தி எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த ஆண்டு எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் எழுத வேண்டும். விலகியவர்களிடம், அவர்களோடு நேரடியாக வேலை செய்யாத ஒருவர் பேசி, அதே நான்கு பகுதிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். இருப்பவர்களின் எண்களையும் போனவர்களின் எண்களையும் அருகருகே வைத்தால், எந்தப் பகுதியில் இடைவெளி அதிகமோ அங்கிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.