பழைய கார் வாங்கப் போகிறீர்களா? மீட்டரை விடுங்கள், பாலிசியைக் கேளுங்கள்

"நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு சார், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்று புரோக்கர் சொன்னதுமே பலருக்குப் பாதி மனசு விழுந்துவிடுகிறது. மதுரை வட்டாரத்தில் இன்சூரன்ஸ் சர்வேயராக அடிபட்ட வண்டிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. மீட்டரில் தெரியும் எண்ணை நான் எதற்கும் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. டிஜிட்டல் மீட்டரையும் ஒரு லேப்டாப்பை வைத்துத் திருப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் கார் கைமாறும்போது, ஓடிய தூரத்தை விற்பவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே இரண்டு பேருக்குள் நடக்கும் விற்பனையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதனால் நாம்தான் தேட வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற பதிவு இருக்கும். ஓனரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் செய்தது. 2019 வண்டி, முப்பதாயிரம் கிலோமீட்டர் என்கிறார்கள், நான்கு டயரும் 2023-ல் செய்தவை என்றால் பழைய டயர் ஏன் அதற்குள் தேய்ந்தது என்று கேளுங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கம் டூரிஸ்ட் ஓட்டம் அதிகம். ராமேஸ்வரம் போய்த் திரும்பினாலே ஏறத்தாழ 340 கிலோமீட்டர். வாரம் இரண்டு நடை போன வண்டி வருஷத்துக்கு முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும்.

அடுத்து, பலர் கேட்கவே கேட்காத பழைய பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. கிளெய்ம் போடாத வருஷங்களுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரே ஓனர், ஆறு வருஷ வண்டி, "ஒரு கீறல்கூட இல்லை" என்கிறார். பாலிசியில் போனஸ் பூஜ்யம். அப்படியானால் போன வருஷம் பெரிய வேலை நடந்திருக்க வாய்ப்பு உண்டு. அடுத்தவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமான வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் இந்த வரியே இருக்காது, கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காப்பாற்ற ஆட்-ஆன் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுப்பவர்களும் உண்டு. எப்படியும் கேள்வி கேட்க இது நல்ல இடம்.

ஆர்.சி.யைப் பொறுத்தவரை, அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஃபைனான்ஸ் பெயர் இன்னும் இருந்தால், "லோன் முடிஞ்சிருச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. பேங்கின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஃபைனான்ஸ் பெயரை நீக்கக் கொடுக்கும் படிவம் 35-ம் கையில் வந்து, ஆர்டிஓவில் அந்தப் பெயர் நீங்கிய பிறகே முழுப் பணத்தைக் கொடுங்கள்.

நான் அதிகம் வருத்தப்படுவது இதற்குத்தான்: ஓனர் பெயர் மாற்றத்துக்காக விற்பவர் கையெழுத்துப் போட்ட படிவம் 29, 30-ஐ வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது. ஆர்.சி.யை மாற்றினாலும் பாலிசியை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. மேலூர் ரோட்டில் லாரியில் மோதிய ஒரு காரைப் பார்க்கப் போனேன். வாங்கியவர் ஆர்.சி.யைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டார், பாலிசியை மாற்றவில்லை. வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி பாதுகாப்பு தானாகவே புது ஓனருக்கு வந்துவிடும். சொந்த வண்டியின் சேதத்துக்கு அப்படி வராது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியில் எழுதிக் கேட்டு மாற்ற வேண்டும். அவர் கிளெய்ம் தள்ளுபடியானது. ரேடியேட்டர் உள்ளே போய் இன்ஜினோடு ஒட்டிக் கிடந்த அந்த வண்டியின் முழுச் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது.

விற்பவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி நான்கு கை மாறிப் போயிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். சாவி கொடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும், மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வாங்குகிறவர் என்றால், அதற்கு முன் இ-சலான் அபராதப் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து விற்பவரைக் கட்டச் சொல்லுங்கள்.