பத்து கியருக்குப் பத்து கியர் ஏன் பொருந்தவில்லை?

உங்கள் ரோடு பைக்கில் ஷிமானோ 105-இன் பழைய 5700 வரிசை ஷிஃப்டர், அதாவது கியர் மாற்றும் லீவர், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 10 கியர். ஒருநாள் கீழே விழுந்ததில் பின் டிரெய்லியர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கை, வளைந்துவிடுகிறது. கடையில் டியாக்ரா 4700 டிரெய்லியர் கிடைக்கிறது. அதுவும் ஷிமானோ, அதுவும் 10 கியர். வாங்கி மாட்டுகிறீர்கள். கேபிளை இறுக்கினாலும் தளர்த்தினாலும் கியர் சரியாக விழவே மாட்டேன் என்கிறது. ஒரு கியரில் சரிசெய்தால் அடுத்ததில் உரசுகிறது, அதற்கும் அடுத்ததில் செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே தடுமாறுகிறது.

மெக்கானிக் மேல் தவறில்லை, பாகமும் பழுதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 10 என்ற எண் பின்னால் எத்தனை பல்சக்கரங்கள் என்பதை மட்டும்தான் சொல்கிறது. பொருத்தத்தைத் தீர்மானிப்பது கேபிள் எத்தனை மில்லிமீட்டர் இழுபடுகிறது என்பது.

1984-இல் ஷிமானோ தன் உயர்ரகப் பந்தய வரிசையான டூரா-ஏஸ் 7400-இல் எஸ்.ஐ.எஸ். என்ற முறையைக் கொண்டுவந்தது: ஒவ்வொரு கியருக்கும் லீவர் 'டிக்' என்று தானே நிற்கும். அதற்கு முன் பெரும்பாலான பந்தய சைக்கிள்களில் கியர் லீவருக்கு 'டிக்' என்ற நிறுத்தமே கிடையாது. ஓட்டுபவர் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, செயினின் சத்தத்தைக் கேட்டு, சரியான இடத்தை விரலாலேயே கண்டுபிடிப்பார். அதனால் எந்த லீவரோடும் எந்த டிரெய்லியரும் ஓரளவு ஒத்துப்போனது. எஸ்.ஐ.எஸ். வந்தபிறகு அந்த விரலின் வேலை லீவருக்குள் இருக்கும் பல்வரிசைக்குப் போய்விட்டது. ஒரு டிக் என்றால் கேபிள் இத்தனை மில்லிமீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கணக்கு எளிதுதான். ஒரு டிக்குக்குக் கேபிள் நகரும் தூரத்தை டிரெய்லியரின் விகிதத்தால் (கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் டிரெய்லியர் எத்தனை மி.மீ. நகரும் என்பது) பெருக்கினால், டிரெய்லியர் பக்கவாட்டில் நகரும் தூரம் கிடைக்கும். அது காசெட்டில், அதாவது பின்னால் இருக்கும் பல்சக்கரத் தொகுப்பில், அடுத்தடுத்த இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான தூரத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். ஷிமானோவின் 8 கியர் லீவர் ஒரு டிக்குக்கு ஏறக்குறைய 2.8 மி.மீ. இழுக்கும், 9 கியர் லீவர் 2.5, பழைய 10 கியர் ரோடு லீவர் 2.3. இந்த மூன்றுக்குமான டிரெய்லியர் விகிதம் ஒன்றேதான், சுமார் 1.7. பெருக்கிப் பாருங்கள்: 4.8, 4.3, 3.9. அந்தந்தக் காசெட்டின் இடைவெளியும் கிட்டத்தட்ட இதுவே. டிரெய்லியரில் செயினை வழிநடத்தும் மேல் புல்லிக்குப் பக்கவாட்டில் சிறிய ஆட்டம் கொடுத்திருப்பதால் கடைசிப் புள்ளி வித்தியாசங்களை அது சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் காலத்து 8 கியர் டிரெய்லியரை 9 கியர் லீவரோடு மாட்டினாலும் வேலை செய்கிறது.

2012-இல் 11 கியர் டூரா-ஏஸ் வந்தபோது ஷிமானோ இந்த ஏற்பாட்டை மாற்றியது. சக்கரங்கள் நெருங்க நெருங்க, கேபிளில் சேரும் அழுக்கும் உராய்வும் பெரிய தொல்லையாகின்றன. கேபிளில் 0.2 மி.மீ. பிழை இருந்தால், 1.7 விகிதத்தில் அது டிரெய்லியரில் 0.34 ஆகும். ஆகவே கேபிளை அதிகமாக இழுத்து டிரெய்லியரைக் குறைவாக நகர்த்தினார்கள்: ஏறக்குறைய 2.7 மி.மீ., விகிதம் 1.4. அதே பிழை இப்போது 0.28 ஆகிறது. நல்ல பொறியியல் முடிவு என்றே சொல்வேன்.

சிக்கல் 2015-இல் வந்தது. டியாக்ரா 4700-க்கு 10 கியர் காசெட்டையே வைத்துக்கொண்டு, கேபிள் கணக்கை மட்டும் 11 கியர் முறைக்கு மாற்றினார்கள். இப்போது நம் பழைய 105 லீவரைப் போட்டுப் பாருங்கள். 2.3-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 3.2. காசெட் கேட்பதோ 3.95. ஒரு டிக்குக்கு 0.7 மி.மீ. போலக் குறைகிறது. மூன்று டிக் ஆனால் 2 மி.மீ.க்கு மேல், அதாவது பாதிச் சக்கர இடைவெளிக்கும் அதிகம். எந்த ஸ்க்ரூவாலும் இதைச் சரிசெய்ய முடியாது. ஸ்க்ரூ தொடக்கப் புள்ளியை நகர்த்தும், அடியின் நீளத்தை மாற்றாது.

ஷிமானோவின் போட்டி நிறுவனமான ஸ்ராமின் கணக்கு வேறு. அவர்களுடைய 10, 11 கியர் ரோடு பாகங்களில் கேபிள் 3.1 மி.மீ. இழுபடும், விகிதம் 1.3. ஆக லீவரும் பின் டிரெய்லியரும் ஒரு ஜோடி. ஒன்றை மாற்றும்போது மற்றதன் மாடல் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் பைக்கின் பின் சக்கரம். காசெட் உட்காரும் ஃப்ரீஹப் உருளை ஷிமானோ 8, 9, 10 கியருக்கு ஒரே நீளம். 11 கியர் ரோடு உருளை 1.85 மி.மீ. அதிக நீளம். நீண்ட உருளையில் பழைய 8, 9 கியர் காசெட்டைப் போட ஒரு வளையம் சேர்த்தால் போதும். குட்டை உருளையில் 11-28 (சிறிய சக்கரத்தில் 11 பல், பெரியதில் 28) போன்ற வழக்கமான 11 கியர் ரோடு காசெட் ஏறாது. விதிவிலக்காக 11-34 காசெட் ஏறும், ஏனென்றால் அதன் பெரிய சக்கரங்கள் உருளைக்கு அப்பால் ஸ்போக் பக்கமாகச் சாய்ந்து உட்காரும். உங்கள் 8 அல்லது 9 கியர் காசெட்டைக் கழற்றும்போது பின்னால் 1.85 மி.மீ. வளையம் இருந்தால் மகிழ்ச்சி அடையலாம். உங்கள் சக்கரம் ஏற்கெனவே 11 கியருக்குத் தயார். விலை குறைந்த சைக்கிள்களில் காசெட்டே இருக்காது, திருகி மாட்டும் ஃப்ரீவீல்தான் இருக்கும். அங்கே சக்கரத்தையே மாற்றவேண்டி வரும், அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயின் விஷயம் சுருக்கமானது. எல்லாவற்றிலும் இணைப்புக்கு இணைப்பு 12.7 மி.மீ. மாறுவது வெளி அகலம்: 8 கியருக்கு 7 மி.மீ. சொச்சம், 11-க்கு ஐந்தரை. காசெட்டில் எத்தனை சக்கரமோ அதற்கான செயினை வாங்குங்கள். பழைய, நீண்டுபோன செயினைப் புதுக் காசெட்டில் ஓட்டாதீர்கள், புதுப் பற்கள் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

மலை ஏறுவதற்காகக் காசெட்டைப் பெரிதாக்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 28 என்பதிலிருந்து 34-க்குப் போனால் கியர் ஏறக்குறைய 18 சதவீதம் லேசாகிறது. கால் அதை நன்றாகவே உணரும். ஆனால் டிரெய்லியரின் கூண்டு, அதாவது இரண்டு புல்லிகளைத் தாங்கித் தொங்கும் பகுதி, மிச்சச் செயினைச் சுருட்டிக்கொள்ள வேண்டுமே. முன் சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் பின் சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் கூட்டுங்கள். முன்னால் 50-34, பின்னால் 11-28 என்றால் 16-ம் 17-ம் சேர்ந்து 33. 105-இன் 5800 வரிசையில் குட்டைக் கூண்டின் எல்லையே அதுதான். 11-32 போட்டால் 37, அதற்கு நீண்ட கூண்டு வேண்டும். எல்லையை மீறி, செயினும் நீளம் போதாமல் இருந்தால், முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்தில் செயினைப் போடும் நொடியில் டிரெய்லியர் பிய்ந்துவிடலாம்.

குறைந்த செலவில் மலை கியர் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஷிமானோவின் பழைய முறை 9 கியர் மலை சைக்கிள் டிரெய்லியரின் விகிதமும் 1.7 தான். ரோடு பைக்கின் 9 கியர் லீவரை அப்படியே விட்டுவிட்டு, அலிவியோ போன்ற ஒரு 9 கியர் டிரெய்லியர், 11-34 காசெட், சரியான நீளத்தில் புதுச் செயின் மூன்றையும் மட்டும் மாற்றலாம். வாங்கும்போது அது ஷிமானோவின் கியூஸ் வரிசை இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2023-இல் வந்த அந்த வரிசையில் 9, 10, 11 கியர் காசெட்டுகள் எல்லாவற்றுக்கும் சக்கர இடைவெளி ஒன்றே, 11 கியருக்கு இருக்கும் நெருக்கம். பெட்டியில் 9 என்று போட்டிருந்தாலும் உங்கள் லீவரோடு அது சேராது.