பிள்ளைக்கு எடை ஏறவில்லையா? கழிப்பறைப் பணத்தையும் கேளுங்கள்

அங்கன்வாடியில் எடை போடும் நாளில் ஒரு தாய் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியதைப் பார்த்தேன். "சத்துமாவை யாருக்குக் கொடுக்கிறே?" என்று கேட்டார்கள். பிள்ளைக்குத்தான் கொடுத்திருந்தார். அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கில் ஏறிய எடையெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் கழிப்பறை இல்லை. ஊராட்சிக் கணக்கில் மட்டும் இருந்தது.

சத்துமாவு ஒரு துறை, கழிப்பறை இன்னொரு துறை. மலம் கலந்த மண்ணும் தண்ணீரும் வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தால் குடல் கெட்டு, தின்றது உடம்பில் ஒட்டாது. அதனால் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

சத்துணவில் பெரிய சிக்கல் இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி உணவு இலவசம். ரேஷன் கார்டோ வருமானச் சான்றோ தேவையில்லை. கடுமையாக எடை குறைந்த பிள்ளைக்குக் கூடுதல் அளவு உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அலைய வைப்பது கழிப்பறைதான். தூய்மை இந்தியா இயக்கத்தில் கிராமத்து வீட்டுக்கு 12,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு உண்டு. அதற்கு மேல் இருந்தாலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகள், வீட்டுமனை உள்ள நிலமற்ற கூலிகள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையிலான குடும்பங்கள் கேட்கலாம். "உங்களுக்கு வராதும்மா" என்று வாய்ச்சொல்லில் அனுப்பினால் திரும்பி வராதீர்கள். காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

"உங்க பேர்ல ஏற்கெனவே கட்டியாச்சு" என்ற பதிலில்தான் நிறையப் பேர் ஓய்ந்துபோகிறார்கள். மாமனார் பெயரில் என்றோ வாங்கியதாக இருக்கலாம், கட்டாமலே கணக்கு எழுதியதாகவும் இருக்கலாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். எந்த ஆண்டு, யார் பெயரில், எந்தக் கணக்குக்குப் பணம் போனது, கட்டியதற்கான புகைப்படம் எங்கே என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தனிக்குடித்தனம் போனவர்கள் முதலில் ரேஷன் கார்டைப் பிரித்துக்கொள்வது நல்லது. பழைய கார்டைக் காட்டியே தட்டிக்கழிப்பார்கள்.

மனுவை ஊராட்சிச் செயலரிடம் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகரவில்லையென்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்யுங்கள்.

பணம் பெரும்பாலும் கட்டிய பிறகுதான் வரும். கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டுத் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. அனுமதி கையில் வராமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். ஒப்பந்தக்காரர் ஒரே குழியோடு முடிக்கப் பார்ப்பார். இரண்டு குழி கேளுங்கள்: ஒன்று நிறைந்தால் மற்றதுக்கு மாற்றலாம். கழிவு தெருச் சாக்கடைக்குப் போக விடாதீர்கள். கிணற்றுக்கும் அடிபம்புக்கும் பக்கத்தில் குழி வேண்டவே வேண்டாம். அந்த 12,000 ரூபாயில் கை கழுவவும் கழிப்பறை கழுவவும் தண்ணீர் சேமிக்கும் வசதியும் அடக்கம். இதை யாரும் சொல்வதில்லை, தொட்டியே இல்லாமல் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கட்டி முடியும்வரை பிள்ளையின் மலத்தை வாசலில் கொட்டாமல் தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் துணை சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் இலவசம். போக்கு நின்றாலும் மாத்திரையை 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். நாலைந்து மாத்திரையோடு அனுப்பினால் மீதியையும் கேட்டு வாங்குங்கள்.